26 செக்கன் பேச்சை வகுப்புக்குத் தயார் செய்த விதம்

உரையாடல் பகுப்பாய்வைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு பொதி இப்போது என் கையில் இருக்கிறது. 26 செக்கன் ஒலித்துண்டு ஒன்று, மூன்று தாள்கள், குறியீட்டு அட்டை ஒன்று, வயர் போட்ட ஸ்பீக்கர் ஒன்று, அவ்வளவுதான். போன சனிக்கிழமை வெள்ளவத்தை வகுப்பில் இது முதல்முறையாக ஒழுங்காக வேலை செய்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருக்க, மாணவர்களே துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒருவரோடொருவர் வாதாடினார்கள். இதே வேலையில் இறங்கப்போகும் யாருக்காவது உதவும் என்று, எது சரிவந்தது எது சரிவரவில்லை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். கோட்பாடு வேண்டியவர்களுக்கு அதற்கென்று புத்தகங்கள் இருக்கின்றன.

வகுப்பில் இருப்பவர்கள் கலவையான கூட்டம். பாடசாலை ஆசிரியர்கள், உளவளத்துணையாளர்கள், வானொலியில் வேலை செய்யும் ஒருவர், பேச்சுச் சிகிச்சை படிக்கும் பிள்ளைகள் சிலர். எல்லாரும் தமிழ்மூலம் படித்தவர்கள். மனிதர்கள் பேசும்போது யார் எப்போது பேசத் தொடங்குகிறார், எங்கே நிறுத்துகிறார், மறுப்பை எப்படிச் சொல்கிறார், பிசகினால் எப்படித் திருத்துகிறார் என்பதை ஒலிப்பதிவை வைத்து நுணுக்கமாகப் பார்ப்பதுதான் பாடம்.

இந்தத் துறையில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிப் பொருட்களுக்குக் குறைவில்லை. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் அன்டாக்கி செய்துவைத்த அறிமுகப் பாடம், படியெடுப்பதிலிருந்து, அதாவது கேட்ட பேச்சை அப்படியே எழுத்தில் இறக்குவதிலிருந்து, பகுப்பாய்வு வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். இந்தத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான இமானுவெல் ஷெக்லொஃப் இணையத்தில் போட்டிருந்த படியெடுப்புப் பயிற்சியில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் அதற்குரிய ஒலித்துண்டு இருந்தது, அதைவிட நல்ல யோசனை இன்றுவரை யாருக்கும் வரவில்லை என்பது என் எண்ணம். டோக்பாங்க் என்ற இணையப் பேச்சுக் களஞ்சியத்தில் ஒலியும் படியெடுப்பும் சேர்ந்தே கிடைக்கும். இவையெல்லாம் எனக்கு உதவின. மாணவர்களுக்கு உதவவில்லை. ஆங்கிலத் துண்டைப் போட்டால் அவர்கள் செய்வது ஆங்கிலம் விளங்கிக்கொள்ளும் பயிற்சிதான், சொல் விளங்கியதும் வேலை முடிந்தது என்று பேனையை வைத்துவிடுகிறார்கள். ஒருவர் 'வெல்' (well) என்று இழுத்தால் அடுத்து மறுப்பு வரப்போகிறது என்பது அந்தப் பேச்சுக்குள் வளர்ந்த காதுக்குத்தான் பட்டென்று தெரியும்.

ஆக, தமிழில் ஒரு துண்டு வேண்டும். முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் மருமகள் பேசும் ஒரு காட்சி. ஒலி நல்ல தெளிவு, பேச்சும் கலகலப்பு. படியெடுக்க உட்கார்ந்தால் அதில் எடுக்க ஒன்றுமில்லை. ஒருவர் வசனத்தை முடிக்கிறார், கமரா மற்றவரின் முகத்துக்குப் போகிறது, அப்புறம் அவர் தொடங்குகிறார். பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறவே இல்லை. இடையில் வரும் மௌனம் தொகுப்பாளர் வெட்டி வைத்தது, பேசுபவருடையது அல்ல.

பிறகு தெரிந்தவர்கள் இரண்டு பேரை இருத்தி, 'நீங்கள் தேத்தண்ணி கேளுங்கள், நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்று நடிக்கவைத்தேன். கேட்டவுடனே 'வேண்டாம், நன்றி' என்று பதில் வந்தது! கொழும்பில் எந்த வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள்? நடிப்புப் பேச்சுக்கும் நிஜப் பேச்சுக்கும் உள்ள இந்த விலகலை உரையாடல் ஆய்வாளர் எலிசபெத் ஸ்டோக்கோ பொலிஸ் விசாரணைகளை வைத்து 2013இல் எழுதியிருக்கிறார். அதைப் படித்திருந்தும் சோதித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை, பின்னால் அது வேறு விதத்தில் பயன்பட்டது.

சரி, நிஜப் பேச்சுத்தான். தெரிந்த அன்ரி ஒருவரின் வீடு மரைன் டிரைவுக்கு ஏறும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. அவரும் அங்கே அடிக்கடி வந்துபோகும் பொடியன் ஒருவரும் சம்மதித்தார்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கினேன், ஒரு பக்கத் தாள், அதில் தனித்தனியாக மூன்று பெட்டி: வகுப்பில் போட்டுக்காட்டலாமா, பெயரை மாற்றிப் படியெடுப்பை வெளியிடலாமா, ஒலியை இணையத்தில் போடலாமா. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் குரலைக் கேட்டால் ஆளைத் தெரிந்துவிடும் ஊர் இது. அன்ரி முதல் இரண்டு பெட்டிக்கும் சரி போட்டார், மூன்றாவதை வெறுமையாக விட்டார். அதனால்தான் இங்கே படியெடுப்பு மட்டும் இருக்கிறது, ஒலி இல்லை.

முதல் பதிவு மேசை நடுவில் வைத்த ஒரே போனில். அதில் மூன்று பிழை. சீலிங் ஃபேன் இரைச்சல் முழுவதும் கீழே ஓடியது. கரையோரப் பாதையில் ரயில் போனபோதெல்லாம் பேச்சு அடியோடு மூழ்கிப்போனது. போனை வெறும் மரப்பலகையில் வைத்ததால் கோப்பை வைக்கும் சத்தம் சுத்தியல் அடிப்பது மாதிரி விழுந்தது. ஒலியைச் சுத்தம் செய்யும் வசதி ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இருக்கிறதே என்று இரைச்சல் குறைப்பைப் போட்டுப் பார்த்தேன். ஃபேன் போனது, கூடவே மூச்சுச் சத்தமும் சொல் முடிவில் வரும் மெல்லிய இழுவையும் போய்விட்டன. இந்த வேலைக்கு அவைதான் தங்கம். இரைச்சலைப் பதிவுக்கு முன்னால் அறையிலேயே குறைக்க வேண்டும், பிறகு கணினியில் குறைத்துப் பலனில்லை.

இரண்டாவது பதிவுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சட்டையில் குத்தும் சின்ன மைக் இரண்டு வாங்கினேன், ஒன்று 1,800 ரூபா. இரண்டு பழைய போன், ஆளுக்கொரு மைக். இதன் நோக்கம் தெளிவு மட்டுமல்ல. ஒரே மைக்கில் இரண்டு பேரும் சேர்ந்து பேசிய இடத்தில் யார் எந்தச் சொல்லில் ஏறினார் என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு. தனித்தனி மைக் என்றால் ஒவ்வொருவர் குரலும் தன் பதிவில் உரத்தும் மற்றதில் மங்கியும் விழும், கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஃபேனை நிறுத்தினோம், மேசையில் மடித்த துவாய் விரித்தோம், ரயில் நேரம் பார்த்து இடைவெளியில் தொடங்கினோம். பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்தேன். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்.பி. வட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பாக அனுப்பினால் அது திரும்பச் சுருக்கிவிடக்கூடும், ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும்.

இரண்டு போன் என்றால் இரண்டையும் ஒன்றாக்கும் வேலை வருகிறது. தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கைதட்டி, அந்தக் கூர்முனையை வைத்து ஒடாசிட்டியில் இரண்டு தடத்தையும் பொருத்தினேன். முடிவிலும் கைதட்டச் சொல்லியிருந்தேன், அதுதான் காப்பாற்றியது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இரண்டு கைதட்டலும் 0.1 செக்கனுக்கு மேல் விலகி நின்றன. இரண்டு போனின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாட்டுப் பதிவென்றால் பரவாயில்லை என்று விடலாம், நாங்களோ மௌனத்தைப் பத்தில் ஒரு செக்கனாக அளக்கிறோம். ஆகவே எந்தத் துண்டை எடுக்கப்போகிறேனோ அதற்குப் பக்கத்தில் இரண்டு மைக்கிலும் விழுந்த சத்தம் ஒன்றைத் தேடினேன். அன்ரி கரண்டியைத் தட்டில் வைத்த 'டிங்' கிடைத்தது. அதில் திரும்பப் பொருத்தினேன், 26 செக்கனுக்குள் விலகல் ஒரு பொருட்டே இல்லை.

எந்த 26 செக்கன் என்று தெரிவுசெய்வது வேறு கதை. தொடக்கத்தில் இருவரும் மைக்குக்குப் பயந்து பத்திரிகை வாசிப்பது போலப் பேசினார்கள். கொஞ்ச நேரம் போன பிறகுதான் மைக்கை மறந்தார்கள். வாடகை, தண்ணி பில், யாரோ ஒருவரின் கல்யாணம் என்று சுவையான பகுதிகள் நிறைய இருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்த இடத்தை எடுத்தேன். கதை சுவையாக இருந்தால் மாணவர்கள் கதையைத்தான் பேசுவார்கள். கடைசிப் பாதி இது, குறிகளின் விளக்கம் கீழே வருகிறது:

1 அன்ரி: தேத்தண்ணி போடட்டே தம்பி.
2 (0.6)
3 அன்ரி: சீனி போ[டாம.
4 தம்பி: [இல்ல ஆன்ட்டி இப்பதான் (.) குடிச்சிட்டு வந்தேன்.
5 (0.3)
6 அன்ரி: ஆ?
7 தம்பி: இப்பதான் குடிச்சேன் ஆன்ட்டி. வெள்ள- பம்பலப்பிட்டியில.
8 (0.2)
9 அன்ரி: அரைக் கோப்பை.
10 (.)
11 தம்பி: சரீ: (ஹ்ஹ)

இதைப் படியெடுக்கத் தொடங்கியபோது முதலில் போனில் தானாக எழுதும் வசதியைக் கேட்டுப் பார்த்தேன். 'ஆ?' காணாமல் போனது, 'வெள்ள-' காணாமல் போனது, 3ஆம் 4ஆம் வரிகள் ஒன்றாகக் குழைந்து ஒரே ஆள் பேசியது மாதிரி வந்தன. நாங்கள் தேடுவதையெல்லாம் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளுவதுதான் அதன் தொழில். ஆகவே கையால்தான். சொற்களை மட்டும் முதலில் எழுதினேன், அப்புறம் ஈலான் என்ற மென்பொருளில் ஆளுக்கொரு வரிசை போட்டு ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்தேன், மௌனங்களை ப்ராட் என்ற ஒலி அளக்கும் மென்பொருளில் அலை வடிவத்தைப் பெரிதாக்கி அளந்தேன். ஈலான் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் தந்தது, ப்ராட் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் செய்தது. இரண்டும் இலவசம், இரண்டும் என் பழைய லப்டொப்பில் முணுமுணுக்காமல் ஓடின.

குறியீடுகள் கெயில் ஜெஃபர்சன் உருவாக்கியவை. சதுர அடைப்பு என்றால் பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், வளைந்த அடைப்புக்குள் எண் என்றால் மௌனத்தின் நீளம், அதே அடைப்புக்குள் வெறும் புள்ளி என்றால் 0.2க்கும் குறைந்த சின்ன இடைவெளி, முக்காற்புள்ளி என்றால் இழுவை, சின்னக் கோடு என்றால் வெட்டு. தமிழில் போடும்போது இவற்றில் சில அப்படியே உட்காரவில்லை.

ஏறும் இடம் தந்த தொல்லைதான் பெரிது. 3ஆம் வரியில் தம்பி ஏறுவது உண்மையில் 'டா'வின் நடுவில், மெய் முடிந்து உயிர் தொடங்கும் இடத்தில். அங்கே அடைப்பைப் போட்டால் எழுத்து உடைந்து, துணைக்கால் மட்டும் தனியே ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். உரோம எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை, அப்படியே செய்யலாம் என்று ஒரு பிரதி தயாரித்தும் பார்த்தேன். மாணவர்கள் அதைத் தமிழாக வாசிக்காமல் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள். கடைசியில் முழு எழுத்துக்கு முன்னால் அடைப்பு, 'அரை எழுத்து முன்பின் இருக்கலாம்' என்று அட்டையின் கீழே ஒரு வரி. இந்த அளவுக்கு மேல் துல்லியம் வேண்டியவர்கள் ஈலான் கோப்பைத் திறந்து பார்க்கட்டும்.

அடுத்தது வரிசை. மேலே உள்ள அடைப்புக்கு நேர் கீழே அடுத்தவரின் அடைப்பு வரவேண்டும். ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துருவைப் போட்டு இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டி நகர்த்துவார்கள், எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பதால் சரியாக வரும். தமிழில் 'ணை'யும் 'ர'வும் ஒரே அகலமா? என் லப்டொப்பில் நேராக நின்றது போட்டோகொப்பிக் கடைக் கணினியில் திறந்தபோது எழுத்துரு மாறி அரை அங்குலம் தள்ளிப் போயிருந்தது. இடைவெளி தட்டுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கோடில்லாத அட்டவணை போட்டு, அடைப்புத் தொடங்கும் இடத்தில் புதிய கலத்தைத் தொடங்கினேன். அப்புறம் பி.டி.எஃப். ஆக்கித்தான் கடைக்கு அனுப்புவது. ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் நீண்ட வரிகள் மடியாது.

உரத்த பேச்சுக்கு ஜெஃபர்சன் பெரிய எழுத்துப் பாவிப்பார். எங்களுக்குப் பெரிய எழுத்துச் சின்ன எழுத்து கிடையாது. அழுத்தத்துக்கு அடிக்கோடு, அது 'சூ', 'நு' மாதிரியான எழுத்துகளின் காலை வெட்டிக்கொண்டு போகும். அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து, உரத்ததற்கு இருபக்கமும் மேல்நோக்கிய சின்ன முக்கோணம் என்று வைத்துக்கொண்டேன். சாம்பல் நிறம் பூசிப் பார்த்தேன், போட்டோகொப்பியில் கறுத்துவிடுகிறது. விண்டோசில் வரும் லதா எழுத்துருவில் தடித்ததும் சாதாரணமும் பிரதியில் ஒன்றுபோலத் தெரிந்தன, நோட்டோ சான்ஸில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

கேள்விக்குறி எதிர்பாராத இடத்தில் தகராறு செய்தது. இந்த முறையில் அது கேள்வியைக் குறிப்பதல்ல, சுருதி மேலேறி முடிவதைக் குறிப்பது. 'போடட்டே' கேள்விதான், ஆனால் ப்ராட்டில் சுருதிக் கோட்டைப் பார்த்தால் முடிவில் தெளிவாக இறங்குகிறது, ஆகவே முற்றுப்புள்ளி. 'ஆ?' ஏறுகிறது, ஆகவே கேள்விக்குறி. மாணவர்கள் எல்லாருமே 1ஆம் வரிக்குக் கேள்விக்குறி போட்டார்கள், சொன்ன பிறகும் கை தானாக அங்கே போகிறது. அடுத்த பதிப்பில் இந்த இரண்டு குறிக்கும் பதிலாக அம்புக்குறிகளைப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன், உலகம் முழுக்கப் பாவிக்கும் குறியை மாற்றுவதிலும் சங்கடம் இருக்கிறது.

பேச்சுத் தமிழை எப்படி எழுதுவது என்பதில் நான் அதிகம் மினக்கெடவில்லை. அன்ரி யாழ்ப்பாணம், 'போடட்டே' என்கிறார். பொடியனின் குடும்பம் ஹட்டன் பக்கம், 'வந்தேன்' என்கிறார், 'வந்தனான்' அல்ல. கேட்டபடியே எழுதினேன். பெயர் வந்த இடங்களில் அதே எண்ணிக்கை அசை உள்ள வேறு பெயர், ஒலியில் அந்த இடத்தில் மட்டும் தாழ்ஒலி வடிகட்டி, சுருதி கேட்கும், சொல் கேட்காது.

மௌனத்தை அளக்க வகுப்பில் எல்லாரிடமும் ப்ராட் கிடையாது. வாயால் எண்ணும் முறை பழையது. 'ஆயிரத்தொன்று' என்று சாதாரண வேகத்தில் சொன்னால் ஐந்து அசை, ஏறத்தாழ ஒரு செக்கன், அசைக்கு 0.2. போனில் உள்ள நிறுத்துமணிக்கூட்டை வைத்து முதலில் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். 2ஆம் வரியை எண்ணச் சொன்னபோது 0.4 முதல் 1 செக்கன் வரை பதில் வந்தது. சிலர் மௌனம் முடியும் இடத்தை 'சீனி'யில் வைத்தார்கள், சிலர் அதற்குச் சற்று முன் கேட்ட மூச்சில் வைத்தார்கள். யாருடைய மூச்சு? இங்கேதான் மைக்குக்குக் கொடுத்த 3,600 ரூபா பலன் தந்தது. தனித்தனித் தடங்களைப் போட்டுக் கேட்டால் மூச்சு தம்பியின் மைக்கில் உரத்து விழுகிறது. அவர் பேச வாயெடுக்கிறார், அந்த மூச்சைக் கேட்டோ கேளாமலோ அன்ரி 'சீனி போடாம' என்று சேர்க்கிறார். இந்த மூச்சைப் படியெடுப்பில் இன்னும் போடவில்லை, அதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு முழு வகுப்பைக் கெடுத்தது அதுதான். புளூடூத் ஸ்பீக்கர் சத்தமில்லாத நேரத்தில் தூங்கிவிடும், திரும்பப் போட்டால் முதல் அரைச் செக்கனை விழுங்கிவிட்டுத்தான் எழும்பும். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் போடும் எங்கள் வகுப்பில் ஒவ்வொரு வரியின் தலையும் போய்விட்டது. 'ஆ?' முழுவதுமே போய்விட்டது, அது அரைச் செக்கன்கூட இல்லை. 450 ரூபாவுக்கு வயர் வாங்கி நேராகக் குத்தினேன், பிரச்சினை தீர்ந்தது. இரண்டு பேர் ஒரே போனில் கேட்க ஹெட்போன் பிரிப்பான்கள் ஒன்று 350 ரூபாப்படி சிலவும் வாங்கினேன்.

இனித் தாள்கள். முதலில் முழுப் படியெடுப்பையும் கையில் கொடுத்துவிட்டு ஒலியைப் போட்டேன். எல்லாத் தலையும் கீழே, எல்லாரும் வாசிக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. இப்போது மூன்று தாள். முதலாவதில் வரி எண்ணும் பேசுபவரும் மட்டும். இரண்டாவதில் சொற்கள் மட்டும், குறியீடு இல்லை. மூன்றாவதுதான் முழுமையானது, அது கடைசி அரை மணித்தியாலத்தில்தான் கைக்கு வரும். முதல் தாளுக்கு முன்னால் ஒரு சுற்று வெறும் கேட்பு, 2ஆம் வரியில் நிறுத்திவிட்டு 'இனி யார் என்ன சொல்வார்?' என்று கேட்பது. நிறுத்தி நிறுத்திக் கேட்கும் இந்த யோசனை ஸ்டோக்கோவினுடையது, சமரசப் பேச்சுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர் நிஜ அழைப்புகளை இப்படித்தான் போட்டுக்காட்டுவார்.

2ஆம் வரியில் நிறுத்தியதும், அந்த 0.6 செக்கன் மட்டும் கேட்டுவிட்டு, அறையில் பெரும்பாலானோர் 'வேண்டாம் என்று சொல்லப்போகிறார்' என்றார்கள். தம்பி இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்ரிக்கும் அதுதான் தெரிந்திருக்கிறது, அதனால்தான் மறுப்பு வாயிலிருந்து விழுமுன் சீனியை எடுத்து, கேட்டதையே மாற்றிக் கேட்கிறார். அழைப்பும் உபசரிப்பும் மறுக்கப்படும்போல இருந்தால் அவற்றை மாற்றித் திரும்ப நீட்டுவதைப் பற்றி ஜூடி டேவிட்சன் 1984இல் எழுதியதை இதற்குப் பிறகு சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிறது. முன்னால் சொன்னபோது அரை மணித்தியாலம் எடுத்தது, ஒருவருக்கும் ஏறவில்லை. நடித்த பதிவையும் இங்கேதான் போட்டேன். 'வேண்டாம், நன்றி' மௌனமில்லாமல் உடனே வந்து விழ, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

சண்டை வந்தது 6ஆம் வரியில். பேச்சுச் சிகிச்சை படிக்கும் பிள்ளை சொன்னார், அன்ரி பேசிக்கொண்டிருந்தபோதே தம்பி ஏறிவிட்டார், ஆகவே அவருக்குக் கேட்கவில்லை, 'ஆ?' என்கிறார், அவ்வளவுதான். உளவளத்துணையாளர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை: ஏறியது 'இல்ல' வரைதானே, 'இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்' முழுவதும் தெளிவாகத் தனியாகக் கேட்கிறது, அன்ரிக்கு நன்றாகக் கேட்டது, பதிலை மாற்றிக்கொள்ள இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார். 'ஆ?' மாதிரிக் கேட்பது பத்து மொழிகளில் ஏறத்தாழ ஒரே ஒலியாக இருப்பதை மார்க் டிங்கமான்சவும் கூட்டாளிகளும் 2013இல் காட்டினார்கள் என்று நான் இடையில் ஒரு தகவலைச் செருகப் பார்த்தேன், யாரும் காது கொடுக்கவில்லை. நல்லது.

அன்ரியின் மனதுக்குள் போய்ப் பார்க்க முடியாது, தம்பி அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அடுத்த வரியில் இருக்கிறது, அங்கே தேடுங்கள் என்று மட்டும் சொன்னேன். தேடினார்கள். 7இல் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார், அது கேட்காதவருக்குச் செய்வது. அதோடு நிற்கவில்லை, எங்கே குடித்தேன் என்றும் சேர்க்கிறார், அது நம்பாதவருக்குச் செய்வது. அந்த இடத்திலேயே 'வெள்ள-' என்று தொடங்கி வெட்டி, பம்பலப்பிட்டி என்று தானே திருத்துகிறார். திருத்தம் மற்றவர் கையில் போகுமுன் பேசியவரே முந்திக்கொள்வதைப் பற்றி ஷெக்லொஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதிய கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் நடித்துக்கூடச் செய்திருக்க முடியாது. வானொலிக்காரர் மட்டும் கடைசிவரை, ஒருவேளை அன்ரி புருவத்தை உயர்த்தியிருப்பார், தம்பி அதற்குத்தான் பதில் சொன்னார், உங்களிடம் படம் இல்லையே என்று பிடித்த பிடியில் நின்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 5ஆம் வரியின் 0.3இல் ஒரு தலையாட்டல்கூட இருந்திருக்கலாம்.

இதுதான் அடுத்த பொதியைத் தீர்மானித்தது. வீடியோ எடுக்கலாம், ஆனால் முதல் வகுப்பிலேயே பார்வை, கை, உடம்பு எல்லாவற்றையும் படியெடுக்க வைத்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள். தொலைபேசி அழைப்பு நல்ல வழி. பேசுபவர்களுக்கே ஒலி மட்டும்தான் இருக்கிறது, ஆகவே அவர்களிடம் இருந்தது எங்களிடமும் இருக்கிறது. இந்தத் துறையைத் தொடக்கிவைத்த ஹார்வி சாக்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் தற்கொலைத் தடுப்பு நிலையத்துக்கு வந்த அழைப்புகளில் தொடங்கியதை உளவளத்துணையாளர்களிடம் சொன்னபோது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஷெக்லொஃபின் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையும் பொலிசுக்கு வந்த அழைப்புகள்தான்.

செலவுக் கணக்கு: மைக் இரண்டு 3,600, வயர் 450, பிரிப்பான் நான்கு 1,400, போட்டோகொப்பி பக்கம் 15 ரூபாப்படி எல்லாமாக 900க்குக் கிட்ட. வீணான பிரதிகளையும் சேர்த்துத்தான். நேரத்துக்கு விலை போடவில்லை. ஒரு நிமிடப் பேச்சைக் குறியீடுகளோடு எழுத எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது, அட்டவணை கட்டுவது தனி. அடுத்த முறை மைக்குக்கு ஸ்பொஞ்சு மூடி வாங்குவேன், மூச்சு நேரே அடிக்கும் இடத்தில் இரண்டு சொல் வெடித்துவிட்டன. கைதட்டலை ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருமுறை வைப்பேன். சம்மதத் தாளில் வீடியோவுக்கு நாலாவது பெட்டி ஒன்று.

தொலைபேசித் துண்டுக்கு ஏற்கெனவே ஒரு பதிவு கிடைத்திருக்கிறது, இரு பக்கத்தாரும் சம்மதித்தது, சகோதரிகள் இருவர். அதில் எனக்கு வேண்டியது முடிக்கும் இடம். 'சரி அப்ப' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் 'ஓம் சரி' என்று சொல்ல, உடனே புதிதாக ஒரு விஷயம் தொடங்குகிறது, திரும்பவும் 'சரி அப்ப', திரும்பவும் இன்னொரு விஷயம். 'வைக்கட்டா' வருமுன் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவையும் படியெடுத்தால் தாள் பத்துப் பக்கத்தைத் தாண்டும், வெட்டினால் எந்தச் 'சரி அப்ப'வில் தொடங்குவது என்று பார்க்க வேண்டும்.